வைஃபை காணாமல் போன இரவு: ஒரு டிஸ்ட்ரோ தேர்வின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் தவறு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் அக்கா மகன், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன், விடுதியில் இருக்கிறான். இன்னொருவன் அவனுக்கு யோசனை சொன்ன நான். அவனுடைய தவறு ஒரே ஒரு குறி. என்னுடையது கொஞ்சம் பெரிது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்து விநாடி யோசனை

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அவன் மடிக்கணினியில் இருப்பது இன்டெல்லின் 6ஆம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. மற்றபடி 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்தான். லினக்ஸ் போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்த லினக்ஸ்? லினக்ஸைப் பல குழுக்கள் தங்கள் வழியில் அமைத்துத் தருகின்றன, அந்த வடிவம் ஒவ்வொன்றும் ஒரு ‘டிஸ்ட்ரோ’.

“மாமா, மின்ட் போடவா, ஆர்ச் போடவா?”

“படிக்கிற பையன், ஆர்ச்சே போடு. மின்ட்ல எல்லாத்தையும் அதுவே செஞ்சுடும். நீ என்ன கத்துக்கப் போற?”

இதைச் சொல்ல எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. பல வருடங்களாக லினக்ஸ் பயன்படுத்துபவர்களிடம் இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. தான் பட்ட பாட்டை அடுத்தவனும் பட வேண்டும் என்ற ஆசைக்கு நாங்கள் ‘கற்றுக்கொள்ளுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இரண்டு டிஸ்ட்ரோவும் எங்கே பிரிகின்றன

மின்ட் எளிது, ஆர்ச் கடினம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மின்ட் நிறுவும்போது மொழி, விசைப்பலகை, வட்டு, நேர மண்டலம், பயனர் பெயர் என்று சில கேள்விகள் வரும். மற்றதையெல்லாம் மின்ட்டைத் தொடங்கிய கிளமென்ட் லெஃபெவ்ரின் குழு உங்களுக்காக ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. நெட்வொர்க்கை எது கவனிக்கும், எந்த டெஸ்க்டாப், பழைய கர்னலை (வன்பொருளை இயக்கும் மைய நிரலை) எப்போது நீக்குவது எல்லாம் அதில் அடக்கம்.

ஆர்ச் அப்படி எதையும் முடிவு செய்வதில்லை. தன்னைப் பயனருக்கு எளிதானது என்று அது சொல்லிக்கொள்வதும் இல்லை. பயனரை மையமாகக் கொண்டது என்கிறது. இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் பயனர் மையத்தில் இருக்கிறார் என்றால் பொறுப்பும் அவர் தலையில்தான். 2019 அக்டோபருக்குப் பிறகு ஆர்ச்சின் அடிப்படையான ‘பேஸ்’ தொகுப்பில் கர்னல்கூடக் கிடையாது, அதையும் நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டெக்ஸ்ட் எடிட்டரும் கிடையாது.

ஆரம்பத்தில் எல்லா லினக்ஸும் கைவேலைதான். 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் என்ற டிஸ்ட்ரோ இன்றும் இருக்கிறது. ஒரு மென்பொருளுக்குத் துணையாக வேறு எதெல்லாம் வேண்டும் என்று அதன் தொகுப்புக் கருவி இன்றும் தானாகத் தேடித் தராது. ஜட் வினெட் ஆர்ச்சைத் தொடங்கியது 2002இல். உபுண்டு 2004 அக்டோபரில் வந்தது, அதன்மேல் மின்ட் 2006இல். எளிய வழி வந்த பிறகுதான் கைவேலை என்பது ஒருவர் விரும்பிப் போகிற பாதையானது. அந்த விருப்பத்தில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவன் உட்கார்ந்தான். 2021 ஏப்ரலிலிருந்து ஆர்ச்சின் நிறுவல் பென்டிரைவிலேயே ‘ஆர்ச் இன்ஸ்டால்’ என்ற வழிகாட்டி நிரல் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு கட்டளையும் கையால் அடித்தால்தான் புரியும் என்பது என் வாதம்.

பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து ‘/பூட்’ என்ற அடைவுக்கென்று தனியாக ஒரு பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி) ஒதுக்கினான். இன்றைக்கு அதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் தப்பும் இல்லை. கர்னல் கோப்பு அங்கேதான் இருக்கும், கிரப் என்ற துவக்க நிரல் அதை அங்கிருந்து எடுத்துக் கணினியைத் துவக்கும். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. ரீபூட் செய்தான். லாகின் கேட்டது. சந்தோஷத்தில் எனக்குப் படம் அனுப்பினான்.

அப்புறம்தான் தெரிந்தது, இணையம் இல்லை. நெட்வொர்க் மேனேஜரை நிறுவ மறந்துவிட்டான். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வைஃபை வேலை செய்யும், ஏனென்றால் அந்தச் சூழலில் அதற்கான கருவி உண்டு. நிறுவிய கணினியில் நீங்கள் வைத்தால்தான் உண்டு. ஆர்ச்சை முதல்முறை போடுகிறவர்கள் வழக்கமாக விழுகிற குழி இது. விழுந்தவனைப் பார்த்து நானும் சிரித்தேன்.

திரும்பவும் பென்டிரைவில் துவக்கி, ரூட் (முதன்மை) பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, ஆர்ச்-சிரூட் என்ற கட்டளை வழியாக நிறுவிய அமைப்புக்குள்ளே போய் நெட்வொர்க் மேனேஜரை நிறுவினான். இதுவரை சரி. ஆனால் நிறுவல் கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து பின்தொடர்ந்ததால், துவக்கத்தில் எந்தெந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பையும் மறுபடி உருவாக்கினான். கையேட்டில் அந்தக் கட்டளை ‘>>’ என்று இருக்கும், அதாவது இருப்பதோடு சேர்த்து எழுது. அப்படிச் செய்தால் வரிகள் இரண்டு முறை வந்துவிடுமே என்று யோசித்து, புத்திசாலித்தனமாக ‘>’ என்று அடித்தான், அதாவது பழையதை அழித்துவிட்டு எழுது.

அந்த நேரத்தில் மவுண்ட் ஆகியிருந்தது ரூட் மட்டும். ‘/பூட்’ பார்ட்டிஷன் இல்லை. எனவே புதிய பட்டியலில் ‘/பூட்’ வரியும் இல்லை.

கணினி வழக்கம்போலத் துவங்கியது. வைஃபை வந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. துவக்கும் வேலையை முடித்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு ‘/பூட்’ மவுண்ட் ஆகியிருப்பது அவசியமே இல்லை. கர்னல் புதுப்பிப்பு வருகிற நாள்வரை.

மூன்று வாரம் கழித்து

அடுத்த நாள் காலை புராஜெக்ட் ரிவ்யூ. முந்தின இரவு ஏதோ ஒரு சின்னத் தொகுப்பு தேவைப்பட்டது. ஆர்ச்சின் தொகுப்புக் கருவியான பேக்மேனிடம் கேட்டால் 404, அதாவது கோப்பு இல்லை, என்று வந்தது. மூன்று வாரமாகப் புதுப்பிக்காததால் அவன் கணினியின் பட்டியலில் இருந்த பதிப்பு தொகுப்புகளைத் தரும் மிரர் சர்வர்களில் இல்லை, அதைவிடப் புதியது வந்துவிட்டது. அவன் செய்தது சரியான காரியம். பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரு தொகுப்பை மட்டும் இறக்குவது ஆர்ச்சில் கூடாது, அரைகுறைப் புதுப்பிப்புக்கு அங்கே ஆதரவு கிடையாது. அது தெரிந்து முழு அமைப்பையும் புதுப்பித்தான். கர்னலும் புதுப்பிக்கப்பட்டது. ரீபூட் செய்தான்.

இரவு பத்தரைக்கு போன்.

“மாமா, டெஸ்க்டாப் வருது, ஆனா வைஃபையே இல்ல. ஐகான்கூட இல்ல. சவுண்டும் போச்சு.”

“போன யூஎஸ்பில மாட்டி டெதரிங் போடு.”

“போட்டுட்டேன். அதுவும் தெரியல. பென்டிரைவ் மாட்டினா அதுவும் தெரியல மாமா. புராஜெக்ட் உள்ளயே மாட்டிக்கிச்சு.”

பென்டிரைவும் தெரியவில்லை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு கட்டளை அடிக்கச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண் என்ன என்று ‘யூநேம்’ சொல்வது ஒன்று, நிறுவப்பட்ட கர்னலின் எண் என்ன என்று பேக்மேன் சொல்வது இன்னொன்று. இரண்டும் வேறு வேறாக இருந்தன.

நடந்தது இதுதான். பேக்மேன் புதிய கர்னலை ‘/பூட்’ அடைவில் வைத்தது. ஆனால் அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகவில்லை, ரூட்டுக்குள் இருந்த வெறும் அடைவில் போய் விழுந்தது. பேக்மேனுக்கு வித்தியாசம் தெரியாது, எச்சரிக்கையும் வராது. கூடவே பழைய கர்னலின் மாட்யூல்களை (ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் துணை நிரல்களை) அழித்துவிட்டுப் புதியதன் மாட்யூல்களை வைத்தது. ரீபூட் செய்ததும் கிரப் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷனில் இருந்த பழைய கர்னலைத் துவக்கியது. பழைய கர்னல் தன் மாட்யூல்களைத் தேடியது. இல்லை. வைஃபை, ஒலி, யூஎஸ்பி டெதரிங், பென்டிரைவ் எல்லாமே மாட்யூல்கள்தான். துவக்கத்துக்கு வேண்டிய சிலது மட்டும் அந்தக் கர்னலோடு வந்த இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் இருந்ததால் டெஸ்க்டாப்வரை வந்துவிட்டது. கணினி முழுதாகச் செத்திருந்தால்கூட அவ்வளவு குழம்பியிருக்க மாட்டான்.

தீர்வு தெரிந்தால் இருபது நிமிட வேலை. ஆனால் அவனுடைய நிறுவல் பென்டிரைவில் இப்போது வேறு கோப்புகள் இருந்தன. புதிதாக ஒன்று தயாரிக்க வேலை செய்கிற இன்னொரு கணினி வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழனை எழுப்பினான். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு இறங்க வேண்டும், எழுத வேண்டும், துவக்க வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலையாகப் புராஜெக்ட் கோப்புகளை இணையத்தில் இருக்கும் கிட் (Git) சேமிப்பகத்துக்குத் தள்ளச் சொன்னேன். அதன் பிறகு ரூட்டையும் ‘/பூட்’டையும் மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப்பில் விடுபட்ட வரியைச் சேர்த்து, கர்னலை மறுபடி நிறுவினோம். முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். திரையில் இருப்பதை அவன் படிக்க, நான் பதில் சொல்ல, போன் பேட்டரியும் தீர்ந்து சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரிவ்யூ நடந்தது. கண் சிவக்கப் போய் நின்றான்.

எங்கே பிசகியது

‘>’ என்ற குறியில் என்று சொல்லி ஃபைலை மூடிவிடலாம். எனக்கு அது போதாது. மூன்று வாரம் மறைந்திருந்த ஒரு சின்னப் பிழை ஏன் ஒரே நொடியில் எல்லாக் கதவையும் சாத்தியது?

முதல் காரணம் தொழில்நுட்பம். ஆர்ச்சில் கர்னல் தொகுப்பு ஒன்றுதான். புதியது வந்தால் பழையது போகும். டெபியன் வழி வந்த டிஸ்ட்ரோக்களில் (மின்ட்டும் அதில் ஒன்று) கர்னல் தொகுப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், அதனால் புதியது பழையதன் பக்கத்தில் வந்து உட்காரும். மாட்யூல்களும் தனித்தனி. துவக்கத்தில் கிரப்பின் மேம்பட்ட தேர்வுகளுக்குப் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ இயல்பாகவே மூன்று கர்னல்களை வைத்திருக்கும். அவன் கணினியில் மின்ட் இருந்து, அதே எஃப்எஸ்டேப் பிழை நடந்திருந்தால், புதிய கர்னல் துவங்காமல் போயிருக்கும், பழையது தன் மாட்யூல்களோடு நிம்மதியாக ஓடியிருக்கும். அவன் கவனித்தேகூட இருக்க மாட்டான். பிழை அப்போதும் பிழைதான், ஆனால் அதற்காக அவன் ஓர் இரவைக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

ஆர்ச்சிலும் இதற்கு வழி உண்டு: எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) கர்னலைக் கூடவே நிறுவி வைப்பது. அதற்கென்று தனி மாட்யூல்கள் இருக்கும். ஆனால் அது நல்லது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். (இங்கே ‘/பூட்’ சிக்கலில் இரண்டு கர்னலும் ஒரே நாளில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அதுவும் கை கொடுத்திருக்காது. இந்த மாதிரி நேரத்தில் அதிர்ஷ்டமும் வேண்டும்.)

இரண்டாவது காரணம் நான். அவன் கேட்டபோது அவனுடைய ஆர்வத்தை மட்டும் பார்த்தேன். அவன் நிலைமையைப் பார்க்கவில்லை. அவனிடம் இருப்பது ஒரே கணினி. அதில்தான் பாடம், புராஜெக்ட், வகுப்பு எல்லாம். கெட்டுப்போனால் தீர்வைப் படிக்கவே இன்னொருவர் கணினியைக் கேட்க வேண்டும். தேதி குறித்த வேலைகள் வரிசையில் நிற்கின்றன. உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கணினியும், உடையவே கூடாத கணினியும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. நான் ஆர்ச் கற்றபோது என்னிடம் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. அந்த வசதியை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது கேட்டால் டெர்மினல் தெரியுமா என்று கேட்பதில்லை. இது படுத்துவிட்டால் நாளைக் காலை எதில் வேலை செய்வீர்கள் என்று கேட்கிறேன். பதில் வரத் தாமதமானால் மின்ட்தான்.

மறுபக்கமும் சுத்தமில்லை

இதை வைத்து எளிய டிஸ்ட்ரோக்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம். 2021 நவம்பரில் பிரபல யூடியூபர் ஒருவர், தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்றது என்று பெயரெடுத்த பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். தொகுப்புப் பிழை ஒன்றால் டெஸ்க்டாப்பையே நீக்கவேண்டி வரும் என்று டெர்மினல் எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ஒரு முழு வாக்கியத்தையே தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப் போயிற்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘எளிது’ என்று அட்டையில் எழுதியிருந்தால் எச்சரிக்கையை யார் படிப்பார்கள்? அதன் பிறகு ஏபிடி என்ற தொகுப்புக் கருவியிலேயே அந்த வழியை அடைத்தார்கள்.

என் வீட்டிலேயே ஓர் உதாரணம். அவன் ஆர்ச் போட்ட அதே நவம்பரில் அக்காவின் கணினியில் மின்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு புகாரும் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் புதுப்பிப்பு மேலாளரின் ஐகானில் சிவப்புப் புள்ளி. ஒரு புதுப்பிப்பும் போடவில்லை.

“அது என்னமோ கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.”

உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இயல்பாகவே தானாக நிறுவப்படும். மின்ட்டில் அந்த வசதியை நாம் போய் இயக்க வேண்டும். நான் இயக்கவில்லை. அக்கா மகன் கணினியில் நடந்தது சத்தமாக நடந்தது, இது சத்தமில்லாமல். எது அதிக ஆபத்து என்று என்னைக் கேட்டால் யோசிப்பேன்.

புதியது, பழையது என்ற விவாதத்துக்கும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில் ஆர்ச்சில் வந்த கிரப் புதுப்பிப்பு சில கணினிகளைத் துவங்கவிடாமல் செய்தது. கிரப்பை மறுபடி நிறுவச் சொல்லி ஆர்ச் அறிவிப்பு வெளியிட்டது. செய்தியைப் படித்துவிட்டுப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதை ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தபோது, டெபியனின் நிலையான வெளியீடு பழைய பதிப்பிலேயே இருந்ததால் தொடப்படவில்லை. சோதனைக் கிளைகளுக்கும் ஆர்ச் போன்ற தொடர் வெளியீடுகளுக்கும் (இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் டிஸ்ட்ரோக்களுக்கும்) அந்தப் பதிப்பு போய்விட்டிருந்தது. ஆர்ச்சின் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் கருவி) அந்த நூலகத்தோடு நேராக இணைக்கப்படாததால் அந்தத் தாக்குதல் வழி அங்கே எடுபடவில்லை. மெதுவாக நடப்பவர்களுக்கு இந்த மாதிரி சில நன்மைகள் உண்டு. மறுபுறம், நேற்று வந்த வன்பொருளுக்குப் பழைய கர்னலில் டிரைவர் இருக்காது; அப்போது மெதுவாக நடப்பவர் வைஃபை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

நடுவில் இருப்பவை

மின்ட்டுக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே இடமே இல்லை என்பதுபோல நான் பேசியதும் ஒரு குறைதான். ஃபெடோரா ஆறு மாதத்துக்கொரு முறை வருகிறது, ஒரு வெளியீட்டுக்குச் சுமார் 13 மாத ஆதரவு. புதிய மென்பொருள் வேண்டும், ஆனால் இரவில் தூக்கமும் வேண்டும் என்பவருக்குப் பொருந்தும். ஓபன்சூஸே டம்பிள்வீட் ஆர்ச் போலவே தொடர் வெளியீடுதான், ஆனால் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையின் ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) இயல்பாகவே அமைந்திருப்பதால் புதுப்பிப்பு கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பித் துவக்கலாம். எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை உண்டு. கைவேலைக்காரர்கள் இதைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை. எண்டெவர் ஓஎஸ் ஆர்ச்சுக்கு ஒரு நிறுவி போட்டுக் கொடுத்த மாதிரி: முதல் நாள் சுலபம், அதன் பிறகு பராமரிப்பு எல்லாம் ஆர்ச்தான். முதல் நாள் சுலபமாக இருப்பதை வைத்து அதைத் தொடக்கநிலை டிஸ்ட்ரோ என்று பரிந்துரைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எல்லாவற்றையும் பயனரே கம்பைல் செய்வது வழக்கமான ஜென்ட்டூகூட 2023 டிசம்பரிலிருந்து முன்பே கம்பைல் செய்த தொகுப்புகளைப் பரவலாகத் தரத் தொடங்கிவிட்டது.

பிறகு

ரிவ்யூ முடிந்த வாரமே அவன் கணினியில் மின்ட் போட்டோம். ‘போடச் சொன்னேன்’ என்று எழுத வந்து மாற்றியிருக்கிறேன். இந்த முறை பேசித்தான் முடிவு செய்தோம். டைம்ஷிஃப்ட் என்ற நிரலை வாரம் ஒரு முறை ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்தான். மின்ட்டில் கம்பைலர் பதிப்பு பழையதாக இருக்கிறது என்று முதல் நாளே முனகினான். நியாயமான முனகல்தான். சில மென்பொருள்களுக்கு ஃபிளாட்பேக்கில் (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பொதி வடிவில்) புதிய பதிப்பு கிடைத்தது, சிலதற்குக் கண்டெய்னர் (மற்றதைத் தொடாமல் தனியாக ஓடும் சூழல்). யார் யாரோ வைத்திருக்கும் பிபிஏ என்ற வெளித் தொகுப்புக் களஞ்சியங்களைச் சேர்க்காதே என்று மட்டும் சொன்னேன். மின்ட்டை நாமே உடைத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆர்ச் போய்விடவில்லை. மின்ட்டுக்குள் ஒரு மெய்நிகர் கணினியில், 2 ஜிபி ரேமில் அது ஓடுகிறது. கையால் நிறுவியதுதான். இந்த முறை நெட்வொர்க் மேனேஜரை மறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை மறுபடி போன். மெய்நிகர் கணினியில் அந்தப் பழைய ‘/பூட்’ பார்ட்டிஷனை அப்படியே அமைத்து, எஃப்எஸ்டேப்பிலிருந்து வேண்டுமென்றே அந்த வரியை எடுத்துவிட்டு, கர்னலைப் புதுப்பித்து, அன்றிரவு நடந்ததை அப்படியே வரவழைத்திருக்கிறான். அதன் பிறகு யாரையும் கேட்காமல் சரி செய்திருக்கிறான்.

“மாமா, கடிகாரம் வெச்சுப் பார்த்தேன். பதினோரு நிமிஷம்.”